பத்து விரல்

"அப்பா, கையை நீட்டுங்க."

பூட்டுக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எதிரே மை அட்டையும் வெள்ளைத்தாளுமாக மகள். பள்ளியில் மாணவர் காவல் படையில் சேர்ந்து மூன்று வாரம்தான். அதற்குள் வீட்டிலும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"வீட்டுப்பாடம்ப்பா. வீட்டுல ஒரு பெரியவங்களோட கைரேகை எடுத்துட்டு வரணும். நாளைக்கு ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் பார்ப்பாரு."

"விரல்ல எண்ணெய்."

"நேத்து வெட்டுக்காயம்னீங்க. முந்தாநாள் சுளுக்குன்னீங்க."

"அம்மா கையை எடேன்."

"பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கு ரேகையே இல்லை" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "பூனையைப் பார்த்த எலி மாதிரி ஏங்க முழிக்கிறீங்க? நீட்டினா வெட்டிடவா போறா?"

பூட்டுக்காரர் யோக்கியர்தான். யார் கூப்பிட்டாலும் போய்ப் பூட்டைத் திறந்துகொடுப்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, யாரும் கூப்பிடாமலே போய் ஒரு கடிகாரக் கடையைத் திறந்துவிட்டார். கடிகாரங்கள் என்னவாயின என்பது நமக்கு வேண்டாம். கண்ணாடிப் பெட்டிமேல் பத்து விரலையும் பதித்துவிட்டு வந்ததுதான் வினை. இருபது வருடமாக ஸ்டேஷன் தெருப் பக்கம் அவர் நிழல்கூடப் போனதில்லை.

"தாளை வெச்சுட்டுப் போ. நானே எடுத்து வைக்கிறேன்" என்றார்.

சாயங்காலம் தாள் தயார். பத்து விரலும் பளிச்சென்று விழுந்திருந்தன. மகள் துள்ளிக் குதித்தாள்.

இரண்டு நாள் விருந்தாக வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருந்த மச்சினன், மதியத் தூக்கம் கலைந்து சோபாவில் எழுந்து உட்கார்ந்தான். கன்னமெல்லாம் கறுப்பு.

"பேப்பரை மூஞ்சியில போட்டுட்டுத் தூங்காதேன்னா கேட்கறியாடா?" என்றாள் அக்கா.

மறுநாள் பட்டறைக்குப் போன் வந்தது. "கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க."

அவர் போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் சீருடையில் மகள், அழுது சிவந்த கண்களோடு.

"பசங்களுக்குக் காட்டலாமேன்னு எல்லார் தாளையும் கம்ப்யூட்டர்ல போட்டேன். உங்க தாளுக்கு மட்டும் அலறிடுச்சு. போன வருஷம் அஞ்சு வீட்டுல பூட்டை உடைச்ச கை இது. என்ன சொல்றீங்க, பூட்டுக்காரரே?"

போன வருஷமா! பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயா, சத்தியமா அது என் கை இல்லீங்க! என் மச்சினன் கை! அவன் தூங்கும்போது நான்தான் ஒவ்வொரு விரலாப் பிடிச்சு வெச்சேன்!"

மகளின் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே சார், எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு! இப்பவே ஒத்துப் பார்த்துடலாம் சார்."

அவசர அவசரமாக ஒரு புதுத்தாளை விரித்து, மை அட்டையைத் திறந்தாள்.

"அப்பா, கையை நீட்டுங்க."