பதினெட்டரைச் சுற்று

ஜாக்கியை ஏற்றிய பிறகும் அவன் காருக்கு அடியில் கையை விடவில்லை. வேலி ஓரம் கிடந்த கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்தான். அதன்மேல் ஒரு கட்டை. கட்டையின்மேல் இன்னொரு கட்டை.

உயிர்மேல் எவ்வளவு ஆசை பார் என்று நினைத்துக்கொண்டாள் ஏஞ்சல்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் குளித்து, நீலச் சேலை கட்டி, கிளம்பத் தயாராகி இரண்டு மணி நேரம் ஆகிறது. அவள் புருஷன் ஸ்ரீகாந்த் இப்போதுதான் முன்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறான்.

இருபது வருஷத்துப் பழைய சின்னக் கார். தையல் கம்பெனி வேலைக்குப் போய்வர அவள் வாங்கியது. பொங்கல் சமயத்திலேயே ஸ்டியரிங் ஆடுகிறது என்று சொன்னாள். 'பாக்கலாம்' என்றான். குளியலறைக்குக் கதவு வேண்டும் என்றபோதும் 'பாக்கலாம்'. அவனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறதே, வேறு கம்பெனியில் கேட்கக் கூடாதா என்றபோதும் அதே பதில்தான்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை, சாமானை எல்லாம் ஏற்றி அவள் சாவியைக் கையில் எடுத்த பிறகு, திடீரென்று மண்ணில் படுத்துச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"டை ராடு எண்டு போயிட்டுக்கீது. சக்கரத்த திருப்புறதே அதுதான். இத்த வெச்சிக்கினு ஹைவேஸ்ல போவக் கூடாது. புதன்கிழம வரைக்கும் பொறு" என்றான்.

உத்திரமேரூர் மெக்கானிக் வரதன் ஊரில் இல்லையாம். தானே மாற்றிவிடுவானாம்.

ராஜகுளத்தில் இருக்கும் தங்கை திலகாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். "எங்க போவணும்னாலும் இந்தாளுக்கு ஒரு சாக்குடி. இப்ப வண்டி கெடைச்சிது."

இன்று புதன்கிழமை.

செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தான். ஒன்பது வருஷம் கம்பெனியில் போல்ட் முடுக்கியவனுக்கு, நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று யாரோ முகம் தெரியாத ஒருவன் சொல்லித்தர வேண்டியிருந்தது. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் குந்தினான். காத்திருப்பது மட்டும் அவனுக்கு நன்றாக வரும்.

சுத்தியலால் அடித்தான். பத்து அடி, பதினைந்து அடி. ஒருவழியாக அது பிடியை விட்டது. பிறகு அந்த எண்டைக் கையால் மெல்லத் திருகிக் கழற்றத் தொடங்கினான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

"இன்னா, கோயில சுத்துறியா?"

"எத்தினி சுத்து கழட்றமோ அத்தினி சுத்து மாட்டணும். இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

பதினெட்டரை. மறந்துவிடுமாம். அடுப்புக்கரியை எடுத்து, அவள் போன மாதம் வெள்ளையடித்த சுவரில் எழுதி வைத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தோற்றது.

பழைய எண்டைக் கொண்டுவந்து அவள் காலருகில் வைத்தான், பாம்பை அடித்துக் கொண்டுவந்தவன் மாதிரி. அதன் தலையிலிருந்த குண்டு, விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"பாத்தியா? இன்னும் ஒரு பள்ளம் தாங்கியிருக்காது."

அவள் அதைக் கால் கட்டைவிரலால் தள்ளிவிட்டாள்.

புதியதை மாட்டினான். எண்ணினான். சந்தேகம் வந்து கழற்றி, முதலிலிருந்து எண்ணினான். நட்டை முடுக்கி, குறுக்கே கம்பி செருகி, இரண்டு முனையையும் மடக்கினான். சக்கரத்தை மாட்டிக் கல்லை உருட்டித் தள்ளிவிட்டு, செய்யாற்றுப் பாதை வரை ஒரு தடவை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். வண்டியை அணைக்காமலே இறங்கினான். சட்டையெல்லாம் கிரீஸ்.

"காஞ்சிபுரத்துல அலைன்மென்ட் ஒரு தபா பாத்துடு. அதுவரைக்கும் வேகமா போவாத."

"தெரியும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஏறவில்லை. அவன் ஏறுவதற்கு அதில் இடமும் இல்லை. பின்சீட்டில் அவளுடைய துணிமூட்டைகளும் தையல் மெஷினும். பக்கத்து சீட்டில் சர்டிபிகேட் ஃபைல். அதன்மேல், சனிக்கிழமை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட விவாகரத்துப் பேப்பர்.

போகும்போது சொல்வதற்கென்று நான்கைந்து வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன. சொல்லாமலே வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் அவன், கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தான்.

காவாந்தண்டலம் தாண்டியது. அலைன்மென்டுக்கு நிற்காமலே காஞ்சிபுரமும் தாண்டியது. ஹைவேஸில் ராஜகுளத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, முன்னால் போன லாரி சிக்னல் போடாமல் சட்டென்று நின்றது. பதறி ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் சொன்னபடி விலகி, சொன்னபடி பாதைக்குத் திரும்பியது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனான்.

இன்னொரு பள்ளம் தாங்கியிருக்காது என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது.

"வுட்டுட்டுப் போறவளுக்குப் போய் ஒக்காந்து வண்டி ரிப்பேர் பண்ணிக்கினு கீறான் பாரு. மடையன்!" என்று சத்தமாகத் திட்டினாள்.

ஜன்னல் காற்றில் பக்கத்து சீட்டுப் பேப்பர் எழும்பிப் படபடத்தது. இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் இந்த வண்டியை நேராக ஓட்டியிருக்கிறாள்.

இன்று ஒரு கை போதுமாக இருந்தது.