சுவரில் ஆறு கடிதங்கள்

மலேசியாவின் ஷா ஆலம் நகரில் ஒரு சரக்குக் கிடங்கின் கேன்டீனில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் வேலை கேட்டு வந்த குமுதா, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, ஆளெடுக்கும் யோகேஸ்வரி. பக்கத்தில் மேனேஜர் சத்தியசீலன் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய கதை, பளபளக்கும் அட்டையில் யோகேஸ்வரியின் முன்னால் கிடக்கிறது: ஒற்றை லோரியோடு தொடங்கிய முதலாளி, இன்று முந்நூறு பேர் கொண்ட ஒரே குடும்பம். அவள் அட்டையைக் கவிழ்த்து வைக்கிறாள். "போன வருஷம் இங்க வெள்ளம் வந்துச்சு. மொதல்ல பெட்டிங்கள மேல ஏத்துன்னு ஆர்டர். கிளீனர் பாக்கியம் ஆன்டி இடுப்பளவு தண்ணியில நிக்கிறாங்க. நாங்க ஆறு பேரு பெட்டிய அப்படியே போட்டுட்டு அவங்களத் தூக்கினோம். மறுநாள் ஆறு பேருக்கும் வார்னிங் லெட்டர்." சத்தியசீலனின் பேனா நிற்கிறது. "யோகேஸ், அட்டையில உள்ளத மட்டும் சொல்லு லா." "நம்ம கம்பெனி எப்படின்னு சொல்லத்தான, பாஸ், இந்தக் கதை? இதுதான் கதை," என்கிறாள், தலையைத் திருப்பாமல். தண்ணீர் மெஷினுக்கு மேலே சுவரில் அந்த ஆறு பேரும் ஒட்டிவைத்த வார்னிங் கடிதங்கள் வரிசையாக இருக்கின்றன. மேனேஜர் இரண்டு முறை கிழித்துப் போட்டார். இரண்டு முறையும் மறுநாளே நகல்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. மின்விசிறிக் காற்றில் ஓரங்கள் படபடக்கின்றன. மூன்றாவதில் யோகேஸ்வரியின் பெயர். குமுதா சுவரைப் பார்க்கிறாள், மேனேஜரைப் பார்க்கிறாள், மறுபடியும் சுவரைப் பார்க்கிறாள். "சுவத்துல இன்னொரு லெட்டருக்கு எடம் இருக்கு போல, அக்கா," என்கிறாள். "நான் எப்ப வரட்டும்?"