மருந்துக்கடையில் ஒரு கல்யாணப் பேச்சு

மருந்துக்கடைப் பெண்ணுக்கும் கண்ணாடிக்கடைப் பையனுக்கும் காதல் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. கட்டியவர் தையற்கடை அத்தை. ஊசியில் நூல் கோக்கத்தான் அவருக்குக் கண் தெரியாது. எதிர்க்கடையில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

அன்று தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் அத்தை உள்ளே நுழைந்தபோது, பையன் கல்லாவில் சாய்ந்து நின்றான்.

“எங்கப்பா சரின்னுட்டாரு. உங்கம்மா?”

“ஊரு சிரிக்கும்னு பயப்படறாங்க. இன்னிக்கு முடிவு சொல்றேன்னாங்க. வேண்டாம்னுட்டா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாங்க.”

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “அட அசடே! சிரிக்கிறவங்க எவ்வளவு நாள் சிரிப்பாங்க? வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க. உங்கம்மாகிட்ட நான் பேசறேன்.”

அதற்குள் பெண்ணின் போன் அடித்தது. “சொல்லும்மா… நிஜமாவா?” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரின்னுட்டாங்க! ஆனா, அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல காக்க வச்சுட்டு வராமலே போன மனுஷன், இந்தத் தடவையாவது வருவாரான்னு கேக்கறாங்க.”

“எந்த மனுஷன்?” என்றார் அத்தை.

“எங்கப்பாதான்,” என்றான் பையன். “அவருக்கும் இவங்கம்மாவுக்கும் காலேஜ் காதல், அத்தை. அன்னிக்கு அவரை வீட்ல வச்சுப் பூட்டிட்டாங்க. ரெண்டு பேரும் வேற வேற இடத்துல கல்யாணமாகி, துணையை இழந்து, இப்ப தனிமரமா நிக்கறாங்க.”

“அப்போ நீங்க ரெண்டு பேரும்?”

“நாங்களா? இனிமே அக்கா, தம்பி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் அவள். “ஓடிப்போய் அப்பாகிட்ட சொல்லுடா. காலையிலேயே ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருப்பாரு.”