சிவப்பு பல்பு

குழந்தை அழுதால் எரிய வேண்டிய சிவப்பு பல்பு ஃபியூஸ் போயிருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதுசைத் திருகிக்கொண்டிருந்தான் அவன். மேசை முழுக்க ஒயர், பிரித்துப் போட்ட ரேடியோ, ஆறிப்போன டீ.

அவள் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்து நின்றாள். “அண்ணன் நாலு மணிக்கு வந்துடுவாரு,” என்றாள். அவன் திருகிக்கொண்டே இருந்தான். தோளைத் தொட்டுத் திருப்பி, தன் உதட்டைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

“தெரியும்,” என்றான். “இதை மாட்டிட்டு வரேன். அஞ்சு நிமிஷம்.”

பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள், ஐயாவுக்குப் பல்பு மாட்ட அஞ்சு நிமிஷம் வேண்டுமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலையில் பாய்லர் பக்கத்தில் பத்து வருஷம் நின்றதில் அவன் காது இரண்டும் போய்விட்டன. அதற்குப் பிறகு வீட்டிலேயே ரேடியோ ரிப்பேர். ஸ்பீக்கர் மேல் விரலை வைத்து, பாட்டு சுத்தமாக வருகிறதா, கரகரக்கிறதா என்று சொல்லிவிடுவான். தெருவில் அவனுக்கு ‘கையால கேக்குறவர்’ என்றே பேர்.

அவள் ஏழு மாசமாக இருந்தபோது இந்த விளக்கைச் செய்தான். தொட்டில் கம்பியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். அங்கிருந்து சுவரோரமாக ஒயர் ஓடி அவன் மேசைக்கு வரும்.

முதல் வாரம் குக்கர் விசிலுக்குக்கூட பல்பு எரிந்தது. அடுப்படியில் குக்கர் கத்த, இவன் காலித் தொட்டிலைப் பார்க்க ஓடினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எதையோ திருகித் திருகி, தொட்டிலுக்குப் பக்கத்தில் அழுதால் மட்டும் எரிகிற மாதிரி ஆக்கினான்.

குழந்தை வந்த பிறகு அவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. பல்பு எரிந்ததும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பறப்பான். அவள் எழுந்திருப்பதற்குள் குழந்தை அவன் தோளில் இருக்கும். “அப்பாவுக்குக் கேட்டுச்சுடா கண்ணு, கேட்டுச்சு,” என்பான்.

ஐம்பத்திரண்டு நாள்தான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, குழந்தை போய்விட்டது. நாலு மாசம் ஆகிறது.

அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாளே சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டான். தொட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போடச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவிடம், “இருக்கட்டும்,” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளுக்கு மனசு ஆறவே இல்லை.

அவள்தான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தொட்டிலில் தலையைச் சாய்த்து அழுவாள். காது கேட்காதவனுக்கு வாக்கப்பட்டதில் ஒரு சௌகரியம், வாய்விட்டு அழலாம். ஆனால் அதையும் அவன் முழுசாக விடமாட்டான். அழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான்.

“கத்திரிக்கோல் பாத்தியா?” என்பான். இல்லாவிட்டால், “டீ போடட்டுமா?” ஒரு நாள் “என் கண்ணாடி இங்க இருக்கா?” என்று கேட்டான். கண்ணாடி அவன் மூக்கின்மேலேயே இருந்தது. சமய சந்தர்ப்பம் தெரியாத மனுஷன் என்று நொந்துகொண்டு, முகத்தைத் துடைத்தபடி அவள் எழுந்துவிடுவாள்.

நேற்று மட்டும்தான் அவன் வரவில்லை. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை அழுதாள், கதவு திறக்கவே இல்லை. அழுது ஓய்ந்தபோது, இந்த வீட்டில் தனக்கென்று யாரும் இல்லை என்று தோன்றிவிட்டது. அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

இப்போது புது பல்பு மாட்டியாகிவிட்டது. அவன் ஒயரை இழுத்துச் சரிபார்த்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. மேசையில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரில் வைத்தாள்.

“வெட்டாத,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எதுக்குங்க இது? பிள்ளையே இல்லாத வீட்ல எதுக்கு இது?” அவள் குரல் உடைந்தது. உடைந்தது அவனுக்குக் கேட்காது என்பது இன்னும் வலித்தது. “இதைப் பாக்குறப்பல்லாம் பெத்த வயிறு பத்தி எரியுது. இனி யாரு அழப் போறான்னு இதை மாட்டிக்கிட்டு இருக்கீங்க?”

கடைசி வார்த்தை வரைக்கும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, உள்ளே கறுத்துப்போயிருந்த அந்தப் பழைய பல்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“முந்தாநாள் வரைக்கும் எரிஞ்சுது. நேத்துப் போயிருச்சு, நான் கவனிக்கலை.”

கட்டிங் பிளேயர் அவள் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. அவன் குனிந்து, நாலு மாசமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

“நேத்து ரொம்ப அழுதியா?”