பேயின் தானம்

பிக்குகள் தங்கும் மடத்துக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் ஒரு பேய் குடியிருந்தது. போன பிறவியில் யாருக்கும் ஒரு வாய் சோறு போடாத வினையால், இந்தப் பிறவியில் அது எதைத் தின்றாலும் வாயிலேயே சாம்பலானது. வேறு யாராவது அதன் பெயரைச் சொல்லித் தானம் கொடுத்தால்தான் அதன் வயிறு நிறையும்.

"காக்கையாரே, எனக்காக ஒரு தானம் பண்ணுங்களேன்" என்று அதே மரத்தில் கூடு கட்டியிருந்த காகத்திடம் அது நாள் முழுக்க அழுதது. அந்த அழுகையில் கூட்டில் நிம்மதியாக உட்கார முடியாமல் போன காகம், அன்றைக்குக் கிடைத்த ஒரே மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு, மரத்தடியில் கிடந்த நொண்டி நாயிடம் இறங்கியது.

"முழு மீனா? வால் போதாதா?" என்று பேய் பதறியது.

"உன் பசிக்காகத்தானே கொடுக்கிறேன்!"

"அதற்காக இப்படியா அள்ளிக் கொடுப்பது?"

காகத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மீனை அப்படியே நாயின் முன்னால் போட்டு, "இது இந்தப் பேயின் தானம்" என்று கத்தியது. நாய் தின்னத் தின்ன, பேயின் ஒட்டிய வயிறு நிறைந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அதற்கு ஏப்பம் வந்தது.

ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லும் என்று காகம் பசியோடு காத்திருந்தது.

பேய் நாயையே வெறித்துப் பார்த்தது. "முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை, பார்த்தீர்களா? என்ன பேராசை!"