வெள்ளைப் புள்ளிகள்

ரோமிலிருந்து வந்திருந்த மியூசியத்துப் பெண், கமராவின் மூடியைக் கழற்றாமலே ஒரு படம் எடுத்தாள்.

கத்தரீனா கோப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லிபெர்த்தா தெருவில் இருக்கும் இந்த வீட்டைத் துப்புரவாக்குவது அவளுடைய வேலை. வீட்டுக்காரரான சிக்னோர், விண்வெளி நிறுவனமொன்றில் பொறியியலாளராக இருந்தவர். டிஜிட்டல் கமராக்கள் வந்த புதிதில் விண்வெளி வீரர்களோடு போய்த் திரும்பிய ஒன்றை, கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார். இப்போது அதை மியூசியத்துக்குக் கொடுக்கப் போகிறார்.

தொட வேண்டாம் என்று அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.

அவள் தொட்டாள். தூசியைக் கண்டால் அவளுக்குச் சும்மா இருக்க முடியாது. போன மாதம் ஈரத் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தாள்.

பிறகுதான் பயம் வந்தது. மூடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். கறுப்புப் படத்தில் அங்குமிங்கும் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றாக எண்ணினாள். தண்ணீர் உள்ளே போய்விட்டது.

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். சிக்னோர் வேலைக் கடிதம் தராவிட்டால் இந்த நாட்டில் அவளுக்கு இடமில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில், வியா மக்வேதா தெருவில் கமரா திருத்தும் கடை வைத்திருக்கும் யசிந்தனிடம் கமராவைக் கொண்டு ஓடினாள். அவன் அதே வகைப் பழைய கமரா ஒன்றைத் தேடிப் பிடித்து, படம் பதியும் சென்சரை மாற்றிக் கொடுத்தான். பழையதை எறிந்துவிட்டான்.

“இனி ஒரு புள்ளியும் வராது அக்கா. பயப்பிடாமல் போங்கோ.”

படம் இப்போது கணினித் திரையில் விரிந்தது. அப்பழுக்கில்லாத கறுப்பு.

கத்தரீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மியூசியத்துப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். விண்வெளிக் கதிர்கள் சென்சரைச் சுட்டுவிடும், போய் வந்த கமரா என்றால் வெள்ளைப் புள்ளிகள் இருந்தே தீரும், இது பூமியை விட்டுப் போகவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

சிக்னோர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். புள்ளிகள் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன் என்றார்.

யாராவது இதைத் திறந்தார்களா என்று மியூசியத்துப் பெண் கேட்டாள்.

இந்த அறைக்குள் கத்தரீனா மட்டும்தான் வருவாள், அவள் ஒருநாளும் தொடமாட்டாள் என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். கத்தரீனா தட்டை மேசையில் வைத்தாள்.

“பதினேழு புள்ளி இருந்தது, சிக்னோர்.”