முகிக்கு எங்கே வலிக்கிறது?

"இதுக்கு ஓய்வு கொடுத்திடுங்க. இன்னிக்கே!" என்றாள் பார்வையில்லாத கிக்குயே, தன் வழிகாட்டி நாய் முகியின் முதுகு வாரைப் பிடித்தபடி.

இகராஷிக்குச் சுருக்கென்றது. வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இருபது வருஷமாக இருக்கிறார். பார்வையில்லாதவர்கள் நாயைப் பிரியும்போது அழுவதைத்தான் பார்த்திருக்கிறார். இந்த அம்மா என்னடாவென்றால், இரவல் குடையைத் திருப்பிக் கொடுப்பதுபோல வந்து நிற்கிறாள்!

"முகிக்கு எட்டு வயசுதாம்மா ஆகுது. இன்னும் ரெண்டு வருஷம் நல்லா உழைக்கும்."

"வலியோட உழைக்கும்."

"உங்க தெரு மொரிவாக்கிக்குப் போன மாசம் புது நாய் கொடுத்தோம். கேள்விப்பட்டு உங்களுக்கும் ஆசை வந்துடுச்சோ?" குத்தலாகவே கேட்டார்.

"கேள்விப்பட்டேன். அதுக்கென்ன இப்போ?"

அடேயப்பா, என்ன திமிர்!

"ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடறீங்க? அளந்தே பார்த்திடலாம்," என்றார் கால்நடை மருத்துவர் ஒகிஷிமா. கையடக்கமான ஒரு கருவி. அதன் மழுங்கின முனையை மூட்டில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார். நாய் காலை இழுத்துக்கொள்ளும்போது எந்த எண்ணோ, அதுதான் கணக்கு. எண் குறையக் குறைய வலி அதிகம்.

"முதுகு வாரைக் கழட்டிடட்டுமா?"

"இருக்கட்டும் டாக்டர். வார் இருந்தாத்தான் ஆடாம நிக்கும்," என்றார் இகராஷி.

டாக்டர் முகியின் இடுப்பு மூட்டில் அழுத்தினார். ஐந்து. பத்து. பதினைந்து. முகி சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.

"இருபது! இதுக்கு மேல அழுத்தக் கூடாது," என்று கையை எடுத்தார் டாக்டர்.

"பார்த்தீங்களாம்மா? வலியாவது ஒண்ணாவது!"

கிக்குயேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருபத்தாறு வருஷமா ஊரார் முட்டியும் இடுப்பும் பிடிச்சுவிட்டுப் பிழைக்கறவ சார் நான். எந்த மூட்டு நோகுதுன்னு என் விரலுக்குத் தெரியாதா? வார் போட்டிருந்தா ரயில்ல யாராவது வாலை மிதிச்சாக்கூட இவ மூச்சுவிட மாட்டா. அப்படிப் பழக்கினது யாரு? நீங்கதானே!"

குனிந்து வாரைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

"இப்ப அளங்க டாக்டர்."

அதே இடுப்பில் நான்கு என்று காட்டுவதற்குள் முகி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. நன்றாக இருந்த மறுகாலில் ஆறு. முன்னங்கால் பாதத்தில் லேசாகத் தொட்டதற்கே கிக்குயேவின் கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"நாள்பட்ட வலி," என்றார் டாக்டர். "நல்ல காலைத் தொட்டாக்கூடத் தாங்கல. பாவம், எத்தனை மாசமா பொறுத்துக்கிட்டு இருந்துதோ!"

இகராஷிக்கு முகம் செத்துவிட்டது. தான் சொல்லித்தானே வாரைக் கழற்றாமல் விட்டார்கள்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் இந்தப் பொம்பளைமேல் இருந்த கடுப்பு மட்டும் போகவில்லை.

"சரிம்மா, ஓய்வு கொடுத்திடறோம். விண்ணப்பத்தைக் கொடுங்க. புது நாய் எப்ப வேணும்னு எழுதியிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா இதை நிரப்பினது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. நான் சொல்லச் சொல்ல எழுதினா."

"தப்பா எழுதியிருக்கு. ஓய்வு பெற்ற நாயை எடுத்து வளர்க்கறவங்க பேர் வரணும் இங்க. உங்க பேரை எழுதி, கையெழுத்து இடத்துல உங்க முத்திரையையே குத்தியிருக்கு!"

"சரியாத்தான் எழுதியிருக்கா."

"பழசை நீங்களே வச்சுக்கிட்டா, அது உசுரோட இருக்கற வரைக்கும் உங்களுக்குப் புது நாய் கிடையாது. எங்க சங்கத்துச் சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் வேலைக்கு எப்படிப் போவீங்க? இந்தப் பனியில கோலைத் தட்டிக்கிட்டா?"

"அது என் பாடு. விழுந்தா எழுந்திரிச்சுக்கறேன். இவளை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்ப மட்டும் விடமாட்டேன். உங்க முத்திரையைக் குத்துங்க சார், நேரமாகுது."